பாராட்டித்தானே பேசினேன்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
14 மார்ச் 2025

அன்புள்ள எழில்,

நீ ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம், அது நம் குடும்ப வியாதி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் மனக்குறையை முதலில் கொட்டிவிடுகிறேன். போன சனிக்கிழமை பிளசன்டனில் உன் நிச்சயதார்த்த விருந்து. அதற்காக டல்லாஸிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்தோம். உன் அண்ணி வசந்தாமணி பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டு, நசுங்கிவிடும் என்று அந்த டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. முதல் கல்யாணம் முறிந்த பிறகு தீக்ஷாவைத் தனியாளாக வளர்த்த என் தங்கைக்கு ஒரு நல்லது நடக்கிறது என்று நான் எவ்வளவு சந்தோஷத்தோடு வந்தேன் என்பது உனக்கே தெரியும். மாப்பிள்ளை யூதர் என்று தெரிந்ததும் நம் ஊர் கோபியில் சித்தப்பா வகையறா முணுமுணுத்தார்கள். ஒரே அதட்டலில் அவர்கள் வாயை அடைத்தவன் நான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க யாராச்சும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மாப்பிள்ளை நேதன் கேட்டார். அதனால்தான் எழுந்தேன். போரைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்று நீ ஏர்போர்ட்டிலேயே எச்சரித்திருந்தாய். மூச்சுவிட்டேனா? அவர்களைப் பாராட்டித்தானே பேசினேன். யூதர்கள் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள், பேங்க்கும் பத்திரிகையும் சினிமாவும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, அந்தம்மாக்கள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கணக்குப் போடுவார்களாம், உலகத்தையே நடத்துகிற வீட்டுக்கு எங்கள் பெண் போகிறாள், இனி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்றேன். இதில் எந்த வார்த்தை குற்றம்? தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் இதையே பேசி கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

நான் உட்காரும் முன்பே நேதனின் அம்மா ஜூடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மேஜையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது. "எங்கண்ணன் நல்ல மனசோடதான் சொன்னார்" என்று ஒரு வரி நீ சொல்லியிருக்கலாம். வசந்தாமணி திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவே இல்லை, அவள் எப்படிப்பட்ட பேச்சுக்காரி என்று உனக்குத் தெரியும்.

என்ன தப்பு செய்தேன் என்று எழுது.

உன் அண்ணன்
சேனாபதி


பிளசன்டன்
23 மார்ச் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை ஒப்புட்டு டப்பா வருகிற இடத்தில் அழுதுவிட்டேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அன்றைக்கு அத்தனை ரகளைக்குப் பிறகும் நேதன் அதில் மூன்றைச் சாப்பிட்டார்.

உலகத்தையே நடத்துகிற வீடு என்றீர்கள். நேதன் நாலாம் வகுப்பு வாத்தியார். வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறார். அவர் கார் பம்பர் டேப் போட்டு ஒட்டியது, அதில்தானே உங்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தார். உலகத்தை நடத்துகிறவர் முதலில் அந்த பம்பரை மாற்றியிருக்க மாட்டாரா?

நீங்கள் நல்ல மனசோடு சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த வார்த்தைகளைக் கேட்டதும் ஜூடித்தின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஏன் மாறியது என்று தெரியவில்லை. நான் வளர்ந்ததும் அதே பேச்சுகளுக்கு நடுவில்தானே. அதனால் வாயைத் திறக்கப் பயந்தேன்.

போன வாரம் மில்பிடாஸ் ஆஃபீசிலிருந்து நேராக வால்நட் கிரீக்கில் இருக்கும் ஜூடித் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் வெதர் பற்றிப் பேசினோம். அப்புறம் அவரே ஆரம்பித்தார். அவருடைய அப்பா ஹங்கேரியில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவர்தான் முதல். வாத்தியார் அவரை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "பாருங்கள், யூதப் பையன் எவ்வளவு வேகமாகப் போடுகிறான், இவர்கள் ரத்தத்திலேயே கணக்கு இருக்கிறது" என்பாராம். பையனுக்குப் பெருமை தாங்காது. சில வருஷம் கழித்து அதே வாத்தியார், அதே இடத்தில் நிறுத்தி, "இவர்கள் ரத்தத்திலேயே கணக்கு இருக்கிறது, அதனால்தான் உங்கள் அப்பன்மார் ஏழையாக இருக்கிறார்கள்" என்றாராம். வாக்கியத்தின் முதல் பாதி மாறவே இல்லை என்றார் ஜூடித். பிறகு ஊரில் இருந்த யூதர்கள் எல்லாரையும் நாஜிகளின் கொலைமுகாமுக்கு ரயிலில் ஏற்றினார்கள். அந்த வீட்டில் உயிரோடு திரும்பி வந்தது அவர் அப்பா மட்டும்தான்.

நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். எத்தனையோ ஊர்களில் நிலம் வாங்கக்கூடாது, கைத்தொழில் சங்கங்களில் சேரக்கூடாது என்று தடுத்துவிட்டு, வட்டிக்கு விடும் வேலையை மட்டும் விட்டுவைத்தார்களாம். பிறகு வட்டிக்காரப் பயல் என்று வைதார்களாம். கொள்ளைநோய் வந்தால் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று கொளுத்தினார்களாம். இந்த நாட்டிலேயே, நல்ல மார்க் வாங்குகிற யூதப் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று பெரிய காலேஜ்களில் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருந்தார்களாம். தோற்றால் கோழை, ஜெயித்தால் சதிகாரன். "உங்கண்ணன் கத்தியோட வரலைன்னு எனக்குத் தெரியும். கத்தி வர்றதுக்கு முன்னாடி எப்பவும் இந்தப் பாராட்டுதான் வரும், அதான் எழுந்துட்டேன்" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார், எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

அண்ணா, எனக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். நேதனுக்கு அம்மா ஒருத்திதான். ஜூன் 22 அன்று இரண்டு பேரும் அந்த ஹாலில் இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் வந்தால் வர மாட்டேன் என்று ஜூடித் சொல்லவில்லை. "அவர் முகத்தைப் பார்த்து என்னால சிரிக்க முடியாது, அதுக்காக உன் கல்யாணத்தைக் கெடுக்கவும் எனக்கு இஷ்டமில்லை, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்கிறார். மாப்பிள்ளையின் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்தால் அது கல்யாணமா? அவருக்கு இரண்டு வரி எழுதுங்களேன்.

எழில்


ரிச்சர்ட்சன்
11 ஏப்ரல் 2025

எழில் கண்ணு,

அந்தப் பெரியவருக்கு நடந்ததைப் படித்து வசந்தாமணி கண் கலங்கினாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை. அந்த வாத்தியார் ஹங்கேரிக்காரன், நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். நம் ஊரில் யாரும் யூதர்களை ஒன்றும் செய்ததில்லை. செய்யாத தப்புக்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது?

பாராட்டுக்குக் கோபித்துக்கொண்டால் வாழ முடியுமா, சொல். என் பக்கத்து வீட்டுக்காரன் கிரெக்கை உனக்குத் தெரியும், புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்கினால் பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தருகிறவன். போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு தெலுங்குக் குடும்பம் வீடு வாங்கியது. கிரெக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "யூ ஃபோக்ஸ் ஆர் ஸோ ஸ்மார்ட். ப்ரெட்டி சூன் யூ வில் ஓன் த ஹோல் டவுன்" என்றான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேனா? சிரித்தேன். பெருமையாகக் கூட இருந்தது. மனுஷனுக்கு அந்தப் பெருந்தன்மை வேண்டும்.

நான் யோசித்துவிட்டேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வந்து ஒரு மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருப்பதைவிட வராமல் இருப்பது உனக்கும் நிம்மதி. ஜூடித்தம்மா முன்வரிசையிலேயே உட்காரட்டும். உன் அண்ணிக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் சோறு கிடைக்காது.

நான் வராவிட்டாலும் சாமி ஆசீர்வாதம் வரட்டும். இத்துடன் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன். எங்கள் கோயிலில் கும்பாபிஷேகம் வருகிறது. வீடு வீடாக அட்சதையும் அழைப்பிதழும் கொடுக்க வாலண்டியர்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம் வசந்தாமணி குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோது ட்ரைவ்வே ஓரத்தில் இந்த ஜிப்லாக் கவர் கிடந்தது, உள்ளே பச்சரிசியும் மடித்த தாளும். பெல் அடித்துப் பார்த்துவிட்டு வைத்துப் போயிருக்கிறார்கள் போல. "ஐயோ, சாமி அட்சதையை இப்படித் தரையிலயா வெப்பாங்க" என்று புலம்பி எடுத்து வந்து, கவருக்குக் குங்குமம் வைத்து, முருகன் படத்தடியில் வைத்தாள். தினமும் விளக்கேற்றி அதற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டாள். எழிலின் கல்யாணத்துக்குத்தான் பிரிக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று எனக்குத் தடை உத்தரவு வேறு. தாலி கட்டும்போது மஞ்சள் கலந்து தீக்ஷா கையால் போடச் சொல்.

நன்றாக இரு.

அண்ணன்


பிளசன்டன்
19 ஏப்ரல் 2025

அண்ணா,

பாக்கெட் இன்று வந்தது. நேதன் இங்கே சாப்பிட வந்திருந்தார். மாமா அனுப்பிய பார்சல் என்று தீக்ஷா ஆசையாகப் பிரித்தாள். அந்தத் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் நாட் ஃப்ரம் எ டெம்பிள்" என்றாள்.

மேலே ஆறு முனை நட்சத்திரம், அதன்மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. கீழே இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். "பேங்க் யார் கையில்? பத்திரிகை யார் கையில்? சினிமா யார் கையில்? உன் உலகத்தை நடத்துவது யார்? விழித்துக்கொள்." மீதியை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேதன் அதை வாங்கிப் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார். தீக்ஷாவைப் பார்த்து, "நீ பயப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாக வெளியே போனார். இன்னும் வரவில்லை.

பேங்க், பத்திரிகை, சினிமா. நீங்கள் விருந்தில் சொன்ன அதே வரிசை. அதனால் கேட்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்து அனுப்பியதா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். இல்லை என்று இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

எழில்


ரிச்சர்ட்சன்
மெயில், 20 ஏப்ரல் 2025

எழில்,

இல்லை. இல்லை. அம்மாமேல் சத்தியமாக இல்லை.

உன் கடிதத்தை நீ படமெடுத்து அனுப்பிய உடனே எழுதுகிறேன், தபாலை நம்ப முடியாது. அந்த கவரை நாங்கள் பிரிக்கவே இல்லை. வசந்தாமணி பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "இதையா நான் தெனமும் கும்பிட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்.

தெருவில் எல்லாரையும் போய்க் கேட்டேன். எல்லார் வீட்டிலும் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த தெலுங்குக்காரர்களும் கோயில் அட்சதை என்றே நினைத்து ஃப்ரிட்ஜ் மேல் பத்திரமாக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. போலீசுக்குச் சொன்னேன், ஒரு பெண் ஆஃபீசர் வந்து எழுதிக்கொண்டு போனார். அரிசி எதற்கு என்று கேட்டேன். "காத்துல பறக்காம இருக்க வெயிட்டுக்காக" என்றார். ராத்திரி காரிலிருந்தே வீசிவிட்டுப் போவார்களாம், பல ஊர்களில் நடக்கிறதாம். அன்னத்தை இதற்குப் பயன்படுத்துகிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு விளங்கவில்லை.

கூடவே நீ அனுப்பிய அந்தத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். எழில், அது என் பேச்சு. நான் ஆப்பிள் ஜூஸ் கிளாசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சொன்னதை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். இத்தனை வருஷம் மைக்கைப் பிடித்து நான் கைதட்டல் வாங்கியது இதற்குத்தானா?

நடுவில் கிரெக் வந்தான். போலீஸ் கார் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். ஃபோனில் காட்டினேன். "க்ரேஸி ஸ்டஃப்" என்று தலையாட்டினான். போகிறபோது திரும்பி, "பட் யூ காட்டா அட்மிட், தே டூ ஸ்டிக் டுகெதர். கைன்ட் ஆஃப் லைக் யூ ஃபோக்ஸ்" என்றான். அவர்களும் எங்களை மாதிரியே தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்துகொள்வார்களாம். அதே சிரிப்பு. போன கடிதத்தில் பெருமையாக எழுதினேனே, அதே சிரிப்பு. அந்தத் தாளில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அங்கே என் நெற்றியில் இருக்கும் விபூதியைப் போட எவ்வளவு நேரமாகும் என்று தோன்றியது. நான் உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டேன். பட்டப்பகலில் கதவைத் தாழ்போட்டது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை.

கீழே இருப்பதை ஜூடித்தம்மாவிடம் சேர்த்துவிடு. தீக்ஷாவை மொழிபெயர்க்கச் சொல், என் இங்கிலீஷை நான் நம்பவில்லை.

"அம்மா, உங்கள் மகனுக்கும் என் தங்கைக்கும் நடந்த விருந்தில் உங்களைப் பற்றி நான் பேசியது பொய். அதை யாரோ சொல்லிக் கேட்டு, சரிபார்க்காமல், பல வருஷம் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். அதே பொய்யை உங்கள் பிள்ளை உட்கார்ந்திருந்த மேஜைக்கே தபாலில் அனுப்பியும் வைத்தேன். உங்கள் அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என்னை மன்னியுங்கள்."

அவர் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுது. நேதன் திரும்பி வந்துவிட்டாரா?

அண்ணன்


பிளசன்டன்
4 மே 2025

அன்புள்ள அண்ணா,

நேதன் அன்றைக்கே வந்துவிட்டார். பார்க்கை நாலு சுற்று சுற்றினாராம். இந்த மாதிரித் தாளை அவர் பள்ளிக்கூட பார்க்கிங்கிலும் ஒரு தடவை போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதற்காக அவரிடம் தனியாகச் சண்டை போட்டேன். உங்கள் மெயிலைப் படித்துக் காட்டியதும் நாற்காலியில் சாய்ந்து பெரிய மூச்சு விட்டார். "தேங்க் காட், எனக்கு உங்கண்ணனைப் பிடிக்கும், பிடிக்காமப் போயிருமோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றார்.

இனி ஜூடித். நேற்று நாங்கள் மூவரும் போனோம். தீக்ஷா நீங்கள் எழுதியதை இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நின்றுகொண்டே வாசித்தாள். ஜூடித் மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் அந்த கவர் எப்படி வந்தது என்று கேட்டார்.

நான் சொன்னேன். குப்பைத் தொட்டி, ட்ரைவ்வே, அண்ணி தரையில் கிடக்கிறதே என்று புலம்பியது, குங்குமம், முருகன் படம், விளக்கு, கல்யாணம்வரை பிரிக்கக்கூடாது என்ற தடை உத்தரவு. சொல்லச் சொல்ல அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தார் அண்ணா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பயல் காசு போட்டு அரிசி வாங்கி, பையில போட்டு, எங்களைத் திட்டி வீசிட்டுப் போறான். ஒரு புண்ணியவதி அதை எடுத்து வெச்சு எங்களுக்காகத் தினமும் பிரார்த்தனை பண்ணியிருக்கா. அவனுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும்" என்றார். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ தூக்கிப்போட்ட மாதிரி இருந்தது.

அரிசியை என்ன செய்தீர்கள் என்று அவரே கேட்டார். மேஜைமேலேயேதான் இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை என்றேன். "அரிசி என்ன பண்ணுச்சு பாவம்" என்றார். இன்று காலை தீக்ஷா அதைப் பார்க்கில் புறாக்களுக்குப் போட்டுவிட்டாள். அண்ணியிடம் சொல்லுங்கள், அவர் கும்பிட்டது வீண்போகவில்லை.

சிரித்து முடித்துவிட்டுத் தீக்ஷாவிடமிருந்து அவள் வாசித்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "இதே பேச்சுக்காக என் வாழ்க்கையில நிறைய பேர் வருத்தம் தெரிவிச்சிருக்காங்க. எல்லாரும் கடைசியில அவங்க என்ன நினைச்சுச் சொன்னாங்கன்னு எனக்கு விளக்குவாங்க. நான் அவங்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பணும். உங்க அண்ணன் பொய்ன்னு சொன்னார், மன்னிக்கணும்னு கேட்டார், நிறுத்திட்டார்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கிளம்பும்போது ஒரு வேலை சொன்னார். கல்யாணம் அவர்களுடைய பிரார்த்தனைக் கூடத்தை ஒட்டிய ஹாலில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் யூதர் கூடங்களுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றிருக்கிறார்கள், அதனால் அங்கே எந்த விசேஷம் நடந்தாலும் வெளியே துப்பாக்கியோடு ஒரு கார்டு நிற்பார். அவரோடு கூட, முகம் தெரிந்த வீட்டு ஆள் ஒருவரும் வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்களைக் கைகுலுக்கி உள்ளே அனுப்புவது அவர் வேலை, தெரியாத ஆள் யாராவது வந்தால் கார்டுக்குக் கண் காட்டுவதும் அவர் வேலை. ஜூடித்தின் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் நின்றார், அதற்குப் பிறகு ஜூடித்தே நிற்கிறார். அவர்களில் பொறுப்பும் நம்பிக்கையும் உள்ளவர்களுக்குத்தான் அந்த இடம் என்று நேதன் சொல்கிறார்.

"உங்க ஊர் கல்யாணத்துல பொண்ணோட அண்ணன் எங்க நிப்பார்?" என்று ஜூடித் என்னைக் கேட்டார். வாசலில் நின்று எல்லாரையும் வாங்க என்று கூப்பிடுவார் என்றேன். "அப்ப அவரே நிக்கட்டும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பேச்சு எதுவும் வேண்டாமாம். "வாங்க" மட்டும் போதுமாம்.

டிக்கெட் போடுங்கள் அண்ணா. அண்ணியைப் பட்டுப்புடவை கட்டிவரச் சொல்லுங்கள்.

உங்கள் எழில்


ரிச்சர்ட்சன்
29 ஜூன் 2025

அன்புள்ள எழில், நேதன்,

நீங்கள் தேனிலவுக்கு மலைப்பக்கம் சுற்றிவிட்டு வரும்போது இந்தக் கடிதம் வாசலில் காத்திருக்கும். கல்யாண நாளன்று உன்னோடு உட்கார்ந்து பேசவே நேரம் வாய்க்கவில்லை. நீ மணவறையில் இருந்தாய், நான் வாசலில் இருந்தேன். வாசலில் நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேட்டி சட்டையில் நின்றேன். கார்டு என் வேட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓடவேண்டி வந்தால் இதில் ஓட முடியுமா என்று கேட்டார். மடித்துக் கட்டிக் காண்பித்தேன். ஒப்புக்கொண்டார்.

முதல் பத்துப் பேர்வரை நம் ஊர்க் கல்யாணம் மாதிரிதான் இருந்தது. "வாங்க, வாங்க" என்றேன், அவர்களும் "வாங்கா, வாங்கா" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத ஒரு மனிதர் நீளமான கறுப்புப் பெட்டியோடு பார்க்கிங்கிலிருந்து வேகமாக வந்தார். கார்டுக்குக் கண் காட்டினேன். நிறுத்தி, திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே வயலின். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவே இல்லை. பெட்டியை மூடிவிட்டு என் தோளைத் தட்டி, "தேங்க் யூ ஃபார் செக்கிங்" என்றார். தன்னைச் சந்தேகப்பட்டதற்கு நன்றி சொல்கிறார். அது என்னை என்னவோ செய்துவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கார் திரும்பும்போதும் முதலில் என் கண் அவர்கள் கைக்குத்தான் போனது, பிறகுதான் முகத்துக்கு. ஒரு சாயங்காலம் முழுக்க அப்படி நின்றேன். நானும் ஐம்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், உள்ளே போகும்போது வெளியே விட்ட செருப்பைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டிருக்கிறேன். இவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட வரும்போதெல்லாம் இந்த வாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள். இதைத்தான் நான் உலகத்தை நடத்துகிறவர்கள் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் தமிழ்ப்பள்ளி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், அதே ஃபார்வர்ட். யூதத் தாய்மார்கள் கணக்குப் போடுகிற அதே கதை, புதிதாக ஒரு குழந்தைப் படத்தோடு. யாரோ கையெடுத்துக் கும்பிடும் பொம்மையும் போட்டிருந்தார்கள். இது பொய், இதை நானே பல தடவை பரப்பியிருக்கிறேன், எங்கே போய் முடியும் என்று கேட்க விரும்புகிறவர்கள் எனக்கு ஃபோன் பண்ணுங்கள் என்று எழுதினேன். இரண்டு பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள். மூன்று பேர் ஃபோன் பண்ணினார்கள். போகட்டும், மூன்று என்பது நல்ல எண்ணிக்கைதான்.

கிரெக்கிடமும் பேசினேன். வேலிப் பக்கம் போய், அன்றைக்கு நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது. நாலு நாள் பேசவில்லை. நேற்று புல்வெட்டும் மெஷின் கேட்டு வந்தான், கொடுத்தேன். பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, வசந்தாமணி வேளைக்கொரு அர்த்தம் சொல்கிறாள்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். நீங்கள் மாலை மாற்றி, நேதன் அவர்கள் வழக்கப்படி கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றி மிதித்து உடைத்து, உள்ளே எல்லாரும் ஆரவாரம் செய்தார்களே, அது வாசல்வரை கேட்டது. நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, அந்த நேரத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று கார்டு சொல்லியிருந்தார். தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே அண்ணன் நானாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை.

கதவு திறந்தது. ஜூடித்தம்மா வந்தார். விருந்துக்குப் பிறகு அவரை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் பக்கவாசல் வழியாக உள்ளே போயிருந்தார் போல. பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"வாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். என்னைப் பார்த்து, முகத்துக்கு நேரே சிரித்தார். "உள்ள சாப்பாடு ஆறிட்டிருக்கு, போய்ச் சாப்பிடுங்க. இந்த இடத்துல நான் எத்தனையோ வருஷமா நின்னுருக்கேன், கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் போகவில்லை. அவரும் உள்ளே போகவில்லை. ஒரு கார் திரும்பியது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அப்படியே சேர்ந்து நின்றோம்.

உன் அண்ணன்
சேனாபதி